அலங்காரம் வீட்டை மறைக்கும்போது: சென்னையில் ரீசேல் ஃப்ளாட் விற்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வீடு பார்க்க வந்த பார்ட்டி கிளம்பும்போது என்ன கேட்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? "இந்த வாட்ரோப் வீட்டோட வருமா?", "மேல் மாடியில யார் இருக்காங்க?", "மெட்ரோ தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது?" என்றெல்லாம் கேட்டால், மனதுக்குள் அவர்கள் குடிவந்தே விட்டார்கள். "சோஃபா சூப்பரா இருக்கு, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனால், சோஃபாவைத்தான் பார்த்திருக்கிறார்கள். அப்படிப் போனவர்கள் இரண்டாவது தடவை வருவது அபூர்வம்.

பழைய ஃப்ளாட்டை விற்பதற்கு முன் அலங்கரித்துக் காட்டும் வழக்கம் சென்னையில் இப்போது பரவி வருகிறது. ஆங்கிலப் பெயரிலேயே 'ஹோம் ஸ்டேஜிங்' என்கிறார்கள். அமெரிக்காவில் 1970-களில் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற ரியல் எஸ்டேட் முகவர் இதை ஒரு தொழிலாகவே வளர்த்தார். அந்நாட்டு ரியல் எஸ்டேட் முகவர்களின் தேசியச் சங்கம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையில், வாங்குபவர் தரப்பு முகவர்களில் 81 சதவீதம் பேர் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள்: ஸ்டேஜிங் செய்த வீட்டைத் தங்கள் வருங்கால வீடாகக் கற்பனை செய்து பார்ப்பது வாங்குபவருக்குச் சுலபமாக இருக்கிறது. வேலையின் நோக்கம் அதுதான். வருகிறவர் 'என் கட்டிலை இங்கே போடலாம், அம்மா அந்த அறையில் படுத்துக்கொள்ளட்டும்' என்று யோசிக்கத் தொடங்க வேண்டும். அலங்காரத்தை ரசித்துவிட்டுப் போனால் செலவழித்த பணம் வீண்.

ஒரு ஃப்ளாட்டைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அரை மணிக்கு மேல் நிற்பதில்லை. அதே நாளில் இன்னும் இரண்டு மூன்று வீடு காட்ட புரோக்கர் அவசரப்படுத்துவார். அந்த அரை மணியில் கண்ணில் படும் ஒவ்வொரு அலங்காரப் பொருளும் ஜன்னலுக்கும் சுவருக்கும் தரையின் அளவுக்கும் கிடைக்க வேண்டிய கவனத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. விற்கப்போவது ஜன்னலும் சுவரும் தரையும்தான். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த ஒரே கணக்கிலிருந்து வருகிறது.

நங்கநல்லூர் பக்கம் ஒரு இரண்டு பெட்ரூம் ஃப்ளாட். ஹாலில் பித்தளைச் சங்கிலி போட்ட தேக்கு ஊஞ்சல், பின்னால் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சுவர், மேலே மூன்று தொங்கு விளக்கு, பால்கனிக் கதவை ஒட்டி ஆளுயரப் பூந்தொட்டிகள். வந்த தம்பதி ஊஞ்சலில் உட்கார்ந்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பால்கனிக்குப் போகும் வழியில் ஊஞ்சல் தொங்கியது. அதனால் அந்தக் கதவைத் திறக்கவே யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் கதவுக்கு வெளியே கிழக்குப் பார்த்த திறந்தவெளி, எதிரே ஒரு பள்ளி மைதானம், கண்ணுக்கெட்டிய வரை குறுக்கே ஒரு கட்டடமும் இல்லை. அந்த வீட்டின் விலையே அங்கேதான் இருந்தது. "ஹால் கொஞ்சம் சின்னது" என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஊஞ்சலைக் கழற்றி, தொட்டிகளை மொட்டை மாடிக்கு ஏற்றிய பிறகு வந்த குடும்பத்தில் ஒரு பெரியவர் நேராகப் பால்கனிக்குப் போய் நின்றுவிட்டார். பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

படி 1: எதைக் காட்ட வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

கடைக்குப் போய்த் திரைச்சீலை பார்ப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பொருள் எதுவும் இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டில் நல்லது என்று நிற்பது எது? கார்னர் ஃப்ளாட்டாக இருக்கலாம். எதிரெதிர் ஜன்னல் இருப்பதால் காற்று குறுக்கே ஓடலாம். யூ.டி.எஸ்., அதாவது நிலத்தில் உங்கள் ஃப்ளாட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கு, தாராளமாக இருக்கலாம், கவர்ட் கார் பார்க்கிங் இருக்கலாம். பழைய கட்டடங்களில் பெரிய பரண், தனி சர்வீஸ் ஏரியா, பத்தடிக்கு மேல் உயரமான சீலிங் எல்லாம் இருக்கும், புதுக் கட்டடங்களில் அவை எளிதில் கிடைப்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை என்றால், வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் அலைந்துவிட்டு வருகிறவருக்கு அதைவிடப் பெரிய செய்தி கிடையாது. 2019 கோடையில் லாரித் தண்ணீர் வாங்காமல் சமாளித்த கட்டடம் என்றால் அதையும் எழுதுங்கள்.

அதிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுங்கள். பத்தும் முக்கியம் என்று நினைத்தால் எதுவும் தெரியாது. பிறகு அறை அறையாகப் போய் 'இங்கே நுழைகிறவர் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பதில் எழுதுங்கள். ஹாலுக்குப் பால்கனி, பெரிய பெட்ரூமுக்கு இரண்டு பக்க ஜன்னல், கிச்சனுக்கு மேடையின் நீளம் என்று இருக்கலாம். அந்தப் பதிலுக்கும் வாசலுக்கும் நடுவே நிற்கும் எதுவும் நகர வேண்டும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

படி 2: பழுதைச் சரிசெய்யுங்கள், மூடாதீர்கள்

இதில்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்கப் போகிறேன். அலங்காரத்தால் வரும் உண்மையான கெடுதல் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

சென்னை ஃப்ளாட்டில் ஈரம் வரும் இடங்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் தெரிந்தவை: மேல் வீட்டு பாத்ரூமுக்குக் கீழே இருக்கும் சீலிங், மேல் தளமாக இருந்தால் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டிய மூலை, ஏ.சி. தண்ணீர்க் குழாய் இறங்கும் இடம், ஜன்னல் சன்ஷேடுக்கு மேல் விளிம்பு, தரைத்தளத்தில் சுவரின் அடி. ஓதம் ஏறினால் பெயிண்ட் முதலில் உப்பிக்கொள்ளும், பிறகு வெள்ளையாக உப்புப் பூக்கும், கைவைத்தால் மாவாக உதிரும். இந்த இடங்களில்தான் வால்பேப்பரும் பிவிசி பேனலும் ஃபால்ஸ் சீலிங்கும் முளைக்கின்றன. 'ஒரே நாளில் சுவர் புதுசாகிவிடும்' என்று விற்பவருக்குச் சொல்லித் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

வீடு வாங்க அலைகிறவர்கள் இதை நன்றாகவே படித்துவிட்டார்கள். ஹாலில் மூன்று சுவர் சாதாரணப் பெயிண்டும் ஒரு சுவர் மட்டும் அரைச்சுவர் உயரத்துக்குப் பேனலுமாக இருந்தால், கூட வந்த மேஸ்திரியோ மாமாவோ நேராகப் போய் அதைத்தான் தட்டிப் பார்ப்பார். ஒரே ஒரு மூலையில் புதுப் பெயிண்ட் வாடை அடித்தால் போதும், வீடு முழுவதும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும். உள்ளதை மறைக்காத சுவர்களையும் அதற்குப் பிறகு நம்ப மாட்டார்கள்.

சட்டமும் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறைபாட்டை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுவதை அதே பிரிவு மோசடி என்று வகைப்படுத்துகிறது. சுவரில் தெரிந்த கறையைப் பேனல் போட்டு மூடினால், கண்ணுக்குத் தெரிந்த குறையை நீங்களே கண்டுபிடிக்க முடியாத குறையாக மாற்றுகிறீர்கள். வீட்டை அழகுபடுத்தத்தான் செய்தேன் என்ற வாதம் அங்கே எடுபடும் என்று நம்பி இறங்காதீர்கள்.

செய்ய வேண்டியது இது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிளம்பரை வைத்துக் கண்டுபிடியுங்கள். மேல் வீட்டு நஹானி ட்ராப்பில், அதாவது பாத்ரூம் தரையின் வடிகால் வாயில், கசிவு என்றால் அந்த வீட்டுக்காரரிடம் பேசி, தேவையானால் அசோசியேஷன் மூலமாக, அந்தக் கசிவை முதலில் அடைத்துவிடுங்கள். பிறகு உப்பிய பூச்சைச் சுரண்டிவிட்டுச் சுவரைக் காயவிடுங்கள். ஈரம் காயாத சுவரில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் ஐப்பசி அடைமழையில் மறுபடியும் கிளம்பிவிடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரை போகும் ஊரில், பிப்ரவரி முதல் மே வரைதான் இந்த வேலைக்கு ஏற்ற மாதங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, பில்லோடு ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். வருகிறவரிடம் "இங்க கசிவு இருந்துச்சு, போன மார்ச்ல மேல் வீட்டுல சரிபண்ணினோம், இதோ பில்" என்று நீங்களே சொல்லுங்கள். மறைத்த வீட்டுக்கு விலை குறைத்துக் கேட்பதைப் போல், சரிசெய்து சொன்ன வீட்டுக்குக் கேட்பதில்லை. இது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது.

பெயிண்ட் அடிப்பதானால் அறை முழுவதும் அடியுங்கள், ஆஃப் ஒயிட்டோ வெளிர் சந்தன நிறமோ போதும். 'ஆக்சென்ட் வால்' என்று ஒரு சுவரை மட்டும் அடர் நிறத்தில் அடிப்பது குடியிருப்பவர் ரசனைக்குச் சரி. விற்கும் வீட்டில் அது இன்னொருவர் ரசனையோடு மோதும் ஒரு விஷயம், அவ்வளவுதான்.

படி 3: வெளியேற்றுங்கள், ஆனால் காலி செய்யாதீர்கள்

பரண், கட்டிலுக்கு அடி, பால்கனி, சர்வீஸ் ஏரியா ஆகிய நான்கு இடங்களும் நிரம்பியிருந்தால், 'இந்த வீட்டில் சாமான் வைக்க இடம் போதவில்லை' என்றுதான் வருகிறவர் புரிந்துகொள்வார். பழைய டிவி டப்பா, உடைந்த சைக்கிள், விருந்தாளிக்கு என்று கட்டி வைத்த மெத்தை எல்லாவற்றையும் அனுப்பிவிடுங்கள். பரணில் பாதி காலியாகத் தெரிந்தாலே அதன் ஆழம் புரியும்.

முழுக்கக் காலியாக்கினாலும் பிரச்சினை. வெறும் அறை உண்மையைவிடச் சின்னதாகத் தெரியும், கண்ணுக்கு அளவு சொல்ல ஒரு கட்டில்கூட இல்லாததால். குடியிருப்பவர் காலி செய்துவிட்டுப் போன வீட்டை விற்கிறீர்கள் என்றால் ஹாலையும் ஒரு பெட்ரூமையும் மட்டும் எளிமையாக நிரப்பினால் போதும். மேலே சொன்ன அமெரிக்க அறிக்கையிலும் எந்த அறை முக்கியம் என்ற கேள்விக்கு ஹால்தான் 39 சதவீதத்தோடு முதலில் வந்தது. மாத வாடகைக்கு ஃபர்னிச்சர் தரும் நிறுவனங்கள் சென்னையில் இருக்கின்றன. அந்த நிறுவனங்கள் 'பேக்கேஜ்' என்று கொடுக்கும் எல்லாவற்றையும் எடுக்காமல் கட்டில், சோஃபா, சாப்பாட்டு மேஜை மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேல்நாட்டு ஸ்டேஜிங் குறிப்புகள் குடும்பப் படம், சாமி படம் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லும். இங்கே அதை அப்படியே கடைப்பிடிக்க வேண்டாம். பூஜை அறை இருந்தால் அது பூஜை அறையாகவே தெரியட்டும், துடைத்து ஒரு விளக்கோடு. 'சாமி எங்கே வைப்பது' என்பது வாங்க வருகிற பலருக்கு முதல் ஐந்து கேள்விகளில் ஒன்று, அதற்கு வீடே பதில் சொல்லிவிடும். ஹால் சுவர் முழுக்க மாட்டிய படங்களை மட்டும் குறைத்துவிடுங்கள். மாலை போட்ட பெரியவர்கள் படம் ஹாலில் இருந்தால், வீடு காட்டும் நாட்களில் மரியாதையோடு உள் அறைக்கு மாற்றுங்கள். அதைப் பார்த்ததும் 'எப்போ தவறினார், இங்கேயா' என்ற பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

படி 4: கட்டில் பொய் சொல்லக் கூடாது

புதுக் கட்டடங்களின் மாடல் ஃப்ளாட்டுகளில் ஒரு உத்தி உண்டு. வழக்கத்தைவிடச் சின்னதாகச் செய்த கட்டில், ஒடுக்கமான சோஃபா, அறைக்கதவே போடாத நிலைப்படி, வாட்ரோப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடி. எல்லாமே தாராளமாகத் தெரியும். ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு விளம்பரத்தோடு சேர்த்து மாடல் ஃப்ளாட்டையும் பெயர் சொல்லியே கணக்கில் எடுக்கிறது: அதில் காட்டிய தவறான விவரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு புரமோட்டர் இழப்பீடு தர வேண்டும். அந்தப் பிரிவு பில்டர்களுக்கானது. ஆனால் மாடல் ஃப்ளாட்டில் ஏமாந்தவர்கள்தான் இப்போது டேப்போடு உங்கள் ரீசேல் வீட்டுக்கு வருகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்ரூம் 10-க்கு 11 அடி. கிங் சைஸ் மெத்தை 6 அடி அகலம், ஆறரை அடி நீளம். பத்தடிச் சுவரில் தலைப்பக்கம் வைத்தால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி மிச்சம். பதினோரு அடியில் ஆறரை போனால் நாலரை, எதிர்ச்சுவரில் 2 அடி ஆழ வாட்ரோப் வந்தால் நடக்க இரண்டரை அடி. வாட்ரோப் கதவைத் திறந்து நின்றால் கட்டில் காலில் இடிக்காது, ஆனால் அதற்குமேல் ஒரு டிரெஸ்ஸிங் டேபிளையோ பெஞ்சையோ போட்டால் இடிக்கும். தலைமாட்டில் பஞ்சு வைத்துத் தைத்த பெரிய ஹெட்போர்டு வைத்தால் அரை அடி அங்கேயே போய்விடும். இதே அறையில் குயின் சைஸ், அதாவது 5 அடி அகல மெத்தை போட்டால் பக்கத்துக்கு இரண்டரை அடி கிடைக்கும், அறை நிம்மதியாகத் தெரியும். அது ஏமாற்று இல்லை, பலரும் வாங்கும் உண்மையான அளவு. நாலடி திவானைப் போட்டு 'மாஸ்டர் பெட்ரூம்' என்று காட்டுவதுதான் ஏமாற்று. குடிவந்த பிறகு கட்டில் நுழையாத கோபத்தை நீங்கள் பார்க்கப் போவதில்லை என்றாலும், பெரும்பாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அளந்துவிடுவார்கள்.

ஹாலில் எளிய விதி ஒன்று: வாசலில் நின்றால் எதிரே உள்ள ஜன்னலோ பால்கனியோ தடையில்லாமல் தெரிய வேண்டும். எல் வடிவ சோஃபா அந்தப் பார்வையைக் குறுக்கே வெட்டினால் அதன் ஒரு பகுதியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். தரை எவ்வளவு அதிகம் தெரிகிறதோ அவ்வளவு நல்லது. டைல்ஸ் நன்றாக இருந்தால் கம்பளம் போடாதீர்கள். டைல்ஸ் விரிசல் விட்டிருந்தால் கம்பளத்தை நிச்சயமாகப் போடாதீர்கள், தூக்கிப் பார்ப்பார்கள்.

படி 5: வெளிச்சமும் காற்றும் வீட்டினுடையதாக இருக்கட்டும்

பகல் பதினொரு மணிக்கு எல்லா விளக்கையும் போட்டுவிட்டு வீடு காட்டுவது பலருக்குப் பழக்கம். வருகிறவர் முதலில் அதை அணைக்கச் சொல்வார், அல்லது சொல்லாமல் மனதில் 'இருட்டு வீடு' என்று குறித்துக்கொள்வார். திரையை ஓரம் வரை ஒதுக்குங்கள். ஜன்னல் கண்ணாடியையும் கொசுவலையையும் கழுவுங்கள். தூசி படிந்த கொசுவலை எவ்வளவு வெளிச்சத்தை விழுங்குகிறது என்பது கழுவிய பிறகுதான் தெரியும், இதற்குச் செலவும் இல்லை. உண்மையிலேயே வெளிச்சம் குறைந்த ஒரு அறை இருந்தால் அங்கே மட்டும் 4000 கெல்வின் அளவில், அதாவது மஞ்சளுக்கும் பளிச் வெள்ளைக்கும் நடுவான நிறத்தில், ஒரு சீரான விளக்கைப் போடுங்கள். ஃபால்ஸ் சீலிங் ஓரத்தில் ஓடும் மஞ்சள் புரொஃபைல் லைட்டும் நிறம் மாறும் எல்.இ.டி. பட்டையும் ஹோட்டல் லாபிக்குப் பொருந்தும். அவை எரியும்போது சுவரின் நிறம் என்ன என்றே சொல்ல முடியாது.

எந்த நேரத்தில் காட்டுவது என்பதை உங்கள் ஜன்னல் எந்தத் திசை என்று பார்த்து முடிவெடுங்கள். கிழக்கு ஜன்னல் என்றால் காலை ஒன்பது, பத்து. கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறும்போது கிழக்கிலும் தென்கிழக்கிலும் திறந்த வீடுகள் சட்டென்று குளிர்ந்துவிடும், அந்த நேரத்தில் கூட்டி வரச் சொல்லுங்கள். மேற்குப் பார்த்த பெட்ரூமை மாலை நாலு மணிக்குக் காட்ட நேர்ந்தால் ஏ.சி.யை முன்கூட்டியே ஓடவிட்டு மறைக்கப் பார்க்காதீர்கள். சுவரைத் தொட்டால் தெரிந்துவிடும். "மேற்கு வெயில் விழும், அதனால இந்த ப்ளைண்ட்ஸ் போட்டோம்" என்று சொல்வதே போதும்.

வாசனை விஷயத்தில் சுருக்கமாக: ரூம் ஃப்ரெஷ்னர், சாம்பிராணி, வாசனை மெழுகுவத்தி எதுவும் வேண்டாம். கடும் வாசனை அடித்தால் 'எதை மறைக்கிறார்கள்?' என்றுதான் மூக்கு தேடும். முதல் நாள் இரவே ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அன்றைக்கு மீன் குழம்பு வைக்காதீர்கள். பாட்டும் வேண்டாம். தெருச் சத்தம் எவ்வளவு என்று அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

படி 6: கிச்சன், பாத்ரூம், சர்வீஸ் ஏரியா

அலங்காரம் மிகக் குறைவாக இருக்க வேண்டிய இடங்கள் இவை. இங்கேதான் வருகிறவர்கள் கைவைத்துப் பார்ப்பார்கள். குழாயைத் திறப்பார்கள், ஃப்ளஷ் அழுத்துவார்கள், சிங்க்குக்குக் கீழே குனிவார்கள். சிங்க் கேபினட் காலியாகவும் உலர்ந்தும் இருக்கட்டும். மேடையில் பழக்கூடை, செயற்கைப் பூ, கண்ணாடி ஜாடி வரிசை என்று அடுக்கினால் மேடையின் நீளம் தெரியாது. மிக்ஸியும் அடுப்பும் தவிர மற்றதெல்லாம் உள்ளே போகட்டும்.

பாத்ரூமில் உருட்டி வைத்த துண்டும் கூழாங்கல் தட்டும் தேவையில்லை. டைல்ஸ் இடுக்கில் கறுத்த கிரவுட்டைச் சுரண்டிப் புதிதாகப் போடுவது அதைவிடப் பத்து மடங்கு பலன் தரும். போர் தண்ணீரின் உப்பு படிந்த குழாய்களை வினிகரில் ஊறிய துணி சுற்றித் துடையுங்கள், போகாவிட்டால் மாற்றிவிடுங்கள். ஒழுகும் ஹெல்த் ஃபாசெட் ஒன்று வீட்டின் பராமரிப்பைப் பற்றிப் பத்து வாக்கியம் பேசிவிடும். சர்வீஸ் ஏரியாவில் வாஷிங் மெஷின் பாயின்ட், இன்லெட், வடிகால் மூன்றும் கண்ணில் படட்டும். செடிகளை வைத்து அதை 'கிரீன் கார்னர்' ஆக்காதீர்கள்.

படி 7: படங்கள்

ஆன்லைன் விளம்பரத்தில் போடும் படம்தான் முதல் வாசல். செல்போனின் அகலக் கோண லென்ஸ் பத்தடி அறையைப் பதினைந்தடியாகக் காட்டும், ஓரத்தில் இருக்கும் கட்டில் படகு நீளத்துக்கு இழுபடும். சாதாரண லென்ஸிலேயே, நெஞ்சு உயரத்தில் வைத்து, அறையின் மூலையிலிருந்து எடுங்கள். ஜன்னலுக்கு வெளியே தெரிவதை ஒரு படம், பார்க்கிங் ஒரு படம், மாடிப்படியும் லிஃப்டும் ஒரு படம். அளவுகள் எழுதிய ஃப்ளோர் பிளானைச் சேர்த்துவிட்டால், ஒத்துவராதவர்கள் வீட்டிலிருந்தபடியே விலகிவிடுவார்கள். உங்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.

காலி அறைப் படத்தில் கம்ப்யூட்டரிலேயே சோஃபா, கட்டில் எல்லாம் வரைந்து கொடுக்கும் வசதி இப்போது சர்வசாதாரணமாகிவிட்டது. பயன்படுத்துவதானால் படத்தின் மேலேயே 'கற்பனை அலங்காரம்' என்று எழுதுங்கள், பக்கத்திலேயே அதே கோணத்தில் காலி அறையையும் போடுங்கள். ஆனால் பீமை அழிப்பது, மின்கம்பியை அழிப்பது, எதிர்வீட்டுச் சுவருக்குப் பதில் மரம் வரைவது எல்லாம் வேண்டவே வேண்டாம். படத்தை நம்பி வந்தவர் வாசலிலேயே ஏமாற்றத்தோடு நிற்பார். அந்த முகத்தோடு பார்த்தால் நல்ல ஹால்கூட அவர் கண்ணில் நிற்காது.

படி 8: காட்டும் நாள்

வீட்டில் ஒருவர் மட்டும் பேசுங்கள். "இந்த லைட் துபாயிலிருந்து வாங்கினது" என்று ஒருவர், "இந்த வால்பேப்பர் கொரியன்" என்று இன்னொருவர் சொல்ல ஆரம்பித்தால், நீங்களே அலங்காரத்தின் பக்கம் கையைப் பிடித்து இழுக்கிறீர்கள். காபி கொடுங்கள், ஆனால் எல்லாம் பார்த்து முடித்த பிறகு. முதலில் படி 1-இல் எழுதிய மூன்று விஷயங்களில் மிக நல்லது இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போங்கள், அங்கே பேசாமல் நில்லுங்கள். மற்ற அறைகளை அவர்கள் தாங்களாகவே சுற்றட்டும்.

சாப்பாட்டு மேஜையில் ஒரு தாள் மட்டும் இருக்கட்டும். ரெரா சொல்லும் முறையில் அளந்த கார்பெட் ஏரியா, அதாவது உள் தடுப்புச் சுவர்களைச் சேர்த்து, வெளிச்சுவர், சர்வீஸ் ஷாஃப்ட், பால்கனி, மொட்டை மாடி ஆகியவற்றை விட்டு வரும் பரப்பு. பத்திரத்தில் இருக்கும் பில்டப் ஏரியா, யூ.டி.எஸ்., கட்டடத்தின் வயது, மாத மெயின்டனன்ஸ், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சம்ப்பின் கொள்ளளவு, ஈபி ஒரு ஃபேஸா மூன்று ஃபேஸா, பார்க்கிங் எந்த இடம். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது ஆகியவற்றின் நகல் ஃபைலில் தயாராக இருப்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஒரு ஃப்ளாட்டுக்கு இந்தத் தாளைவிட நல்ல அலங்காரம் எனக்குத் தெரிந்து கிடையாது.

அவர்கள் போன பிறகு, அன்று மாலையே புரோக்கரிடம் ஒன்று கேளுங்கள்: "கீழ இறங்கினதும் எதைப் பத்திப் பேசினாங்க?" விலை, ஜன்னல், பார்க்கிங், பள்ளிக்கூடத் தூரம் என்று பதில் வந்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள். தொங்கு விளக்கு என்று வந்தால் அதைக் கழற்றிவிட்டு அடுத்த பார்ட்டிக்குக் காட்டுங்கள். இரண்டு மூன்று குடும்பங்களுக்குப் பிறகும் ஒரே பொருள் பேச்சில் வந்துகொண்டிருந்தால், உங்களுக்கு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் அது போக வேண்டும்.

படி 9: எது வீட்டோடு போகும், எது உங்களோடு வரும்

சுவரிலும் சீலிங்கிலும் மாட்டியிருக்கும் எதையும் வாங்குகிறவர் வீட்டின் பகுதி என்றுதான் எடுத்துக்கொள்வார். மாடுலர் கிச்சன், சிம்னி, கீசர், ஏ.சி., ஃபேன், அலங்கார விளக்கு, திரைக்கம்பி, ஊஞ்சல் கொக்கி வரை. கையோடு கொண்டுபோக நினைக்கும் பொருளை வீடு காட்டத் தொடங்கும் முன்பே கழற்றி, அந்த இடத்தில் சாதாரணமான ஒன்றைப் போடுங்கள். அப்போது அது பேரத்துக்கே வராது. அப்படிக் கழற்ற முடியாதவற்றை முதல் சந்திப்பிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். பேச்சு முடிந்து விற்பனை ஒப்பந்தம் போடும்போது விட்டுப்போகும் பொருட்களின் பட்டியலை இணைப்பாகச் சேருங்கள்: என்ன பொருள், எந்த அறை, எத்தனை. வாடகைக்கு எடுத்த ஃபர்னிச்சர் இருந்தால் அதையும் 'இது வாடகைப் பொருள், திரும்பிப் போகும்' என்று அதே தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கழற்றிய இடத்தில் விழும் ஓட்டைகளைச் சாவி கொடுப்பதற்கு முன் அடைத்துப் பெயிண்ட் தொட்டுக்கொடுப்பது உங்கள் பொறுப்பு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.